சகாயராணியின் சவுண்டு செட்டு

சோரியாங்குப்பத்தில் செட்டு என்ற சொல் படாத பாடு படும். கரும்புக்குத் தண்ணீர் இறைப்பதும் செட்டு, கல்யாணப் பெண் கழுத்தில் பூட்டுவதும் செட்டு, குடித்துவிட்டுக் கூடித் திரியும் நாலு பேரும் ஒரு செட்டு. பெண் பார்க்க வந்தவனுக்குப் பிடிக்கவில்லை என்றால், "செட்டாவாது" என்று கையை உதறிவிட்டுப் போவான். சகாயராணியை அப்படி உதறிவிட்டுப் போனவர்கள் மூன்று பேர். அவர்களையெல்லாம் அவள் மறந்துவிட்டாள். மறக்காதது பலராமனின் மோட்டார் செட்டைத்தான்.

பதினைந்து வயதில் அவர் நிலத்துக்கு நடவுக்குப் போனவள், உச்சி வெயிலில் நாக்கு வறண்டு, மோட்டார் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டாள். பலராமன் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார்.

"இன்னா திமிருடி உனுக்கு? உங்க செட்டுக்கெல்லாம் வாய்க்கா தண்ணி பத்தாதா?"

நடவுக்காரிகள் அத்தனை பேர் முன்னாலும் ஆளை விட்டுக் குழாயைத் தேய்த்துக் கழுவ வைத்தார். சேற்றில் நின்று பார்த்தவளுக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அது அணையவில்லை. அவளும் அணைய விடவில்லை.

கூலி வேலையை விட்டாள், ஒலிபெருக்கிக் கடையில் வயர் சுற்றித் தொழில் பழகினாள். இன்று ஊரில் இருக்கும் ஒரே சவுண்டு செட்டு அவளுடையது.

இந்த ஆவணியில் பலராமன் மகளுக்குக் கல்யாணம். வில்லியனூரிலிருந்து வரவேண்டிய செட்டு வண்டி பாதி வழியில் படுத்துவிட்டது. முகூர்த்த நாள் என்பதால் வேறெங்கும் செட்டு இல்லை. பலராமனே அவள் வாசலில் வந்து நின்றார்.

"நீதாம்மா மானத்தக் காப்பாத்தணும்."

"அதுக்கின்னா சார், வரேன்" என்றாள். உள்ளுக்குள் குதித்தாள்.

கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டி முடித்ததும் விசேஷ வீட்டுக்காரர் செட்டுக்காரருக்குக் குடிக்க ஏதாவது கொடுப்பார். அதற்குப் பிறகுதான் முதல் பாட்டு. பலராமன் ஆள் மூலம் சோடா அனுப்பினார். அதைத் தள்ளி வைத்துவிட்டு அவள் மைக்கை எடுத்தாள்.

"அலோ, மைக் டெஸ்டிங். சோடா வாணாம், பலராமன் சார். உங்க மோட்டார் தண்ணி ஒரு சொம்பு, நீங்களே கொண்டாங்க. அப்பறந்தான் பாட்டு."

நாலு கூம்பும் ஊருக்கெல்லாம் சொல்லின. அன்றைய நடவுக்காரிகள் இரண்டு பேர் தெருவில் நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தன. பலராமன் கொல்லையிலிருக்கும் மோட்டாருக்கு ஓடினார். பட்டு வேட்டி நனைய, சொம்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

சகாயராணி அண்ணாந்து குடிக்கவில்லை. மைக்கைத் தொண்டையருகே பிடித்துக்கொண்டு, சொம்பில் வாய் வைத்து, சொட்டு விடாமல் குடித்தாள். மடக் மடக்கென்று அவள் விழுங்கும் சத்தம் ஏரிக்கரை வரை கேட்டது. பிறகு காலிச் சொம்பை நீட்டினாள். மைக்கை அவள் அணைக்கவில்லை.

"வாய் வச்சிட்டேன் சார். நல்லா தேச்சிக் கழுவி வைங்க."