நூலகர் எழுதிக் கொடுத்த பட்டியல்

இருபத்து நாலு வயதில் தமிழைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு வேலை எதுவும் கிடைக்காததால் நானும் ஏற்றுக்கொண்டேன். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை மாடியில் எங்கள் மன்றம் கூடும். கடைக்காரர்தான் தலைவர், நான் செயலாளர். கடைக்கு 'மிதிவண்டி செப்பனிடுமிடம்' என்று பலகை மாட்டியிருந்தார். அந்தப் பலகைக்கு அடியிலேயே நின்றுகொண்டு, "இங்கன சைக்கிள் கடை எங்க இருக்கு?" என்று ஆட்கள் கேட்பார்கள்.

வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. பஸ் என்று சொன்ன அம்மாவைத் திருத்தினேன். "ஏலே, பஸ்ஸுல போவியோ பேருந்துல போவியோ, போயி ஒரு வேலையைத் தேடு" என்றாள். மொழிப்பற்று இல்லாதவள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நெருக்கடி நிலைக் காலம் அது. பத்திரிகையில் செய்தியை வெட்டுகிறார்கள் என்று தலைவர் கொதிப்பார். சன்னலைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில்தான் கொதிப்பார். "எழுதுதவன் கையைக் கட்டிப்போட்டா நாடு உருப்படுமாவே?" என்று கேட்கும்போது எனக்குப் புல்லரிக்கும். அந்தப் புல்லரிப்பு அடங்குவதற்குள், கிளை நூலகத்தில் இருக்கும் ஒரு நாவலைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டோம்.

குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் நடக்கிற கதையாம். அதில் உழுது பிழைக்கிற சம்சாரிகள் சம்சாரிகளைப் போலவே பேசுகிறார்களாம், வைகிறார்களாம். தமிழுக்கு இதைவிட இழுக்கு வேண்டுமா? புத்தகத்தில் வருகிற சம்சாரி, காலை மாடு மிதித்தாலும் செந்தமிழில்தான் அலற வேண்டும் என்பது எங்கள் கொள்கை. ஒருநாள் தலைவரின் காலில் ஸ்பானர் விழுந்தது. அப்போது அவர் சொன்னதை எழுதினால் இந்தக் கதைக்கும் தடை கேட்பார்கள்.

பாத்திரக்கடை அண்ணாச்சிக்கும் எங்களுக்கும் ஆகவே ஆகாது. சாமியைக் கல் என்று எங்கள் தலைவர் மேடையில் பேசினால், மறுவாரம் அதே இடத்தில் மேடை போட்டு அவர் எங்களை வைவார். இப்போது அவரும் அதே நாவலுக்குத் தடை கேட்டார். மழை பொய்த்த வருஷத்தில் ஒரு சம்சாரி அம்மனை ஏசுகிறானாம். படித்தீர்களா என்று கேட்டேன். "அந்தக் கருமத்தை நான் ஏம்வே படிக்கேன்? சொன்னாவ" என்றார். நாங்களும் படித்திருக்கவில்லை. ஆக, ஜென்மப் பகையாளிகள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

விண்ணப்பம் எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. ஆபாசம் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டுமே? அதற்கு யாராவது படித்தாக வேண்டும். தலைவர் மறுத்தார், அண்ணாச்சி காதைப் பொத்தினார், நானும் என் கண்ணைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. கடைசியில், நூலகரையே கேட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்குந்தான்.

நூலகர் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கச் சொல்லி அந்த மாதம்தான் காகிதம் மேலே போயிருந்தது. "அது மட்டும் வந்திட்டா போதும் தம்பி. வீட்ல மாசமா இருக்கா" என்று என்னிடமே சொல்லியிருந்தார். என் வேண்டுகோளைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"படிக்காமலா தடை கேக்கிய?"

"பக்க எண் மட்டும் போதும்" என்றேன்.

"சரி, எடுத்துத் தாரேன். வாசகர் என்ன தகவல் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கணும், அதானே என் வேலை. ஆனா ஒருதடவை படிச்சுப் பாருங்க தம்பி."

மூன்றாம் நாள் கோடு போட்ட தாளில், குண்டு குண்டான எழுத்தில் பட்டியல் தயாராக இருந்தது. பதினான்கு இடங்கள். இடப்பக்கம் சொல்லும் பக்க எண்ணும். வலப்பக்கம் அதை யார் சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்ற விவரம். 'மூன்றாவது வருஷமும் விதைத்தது கருகிப் போனவன், தனியாக நின்று சொல்வது' என்று அம்மனை ஏசிய இடத்துக்கு எதிரே எழுதியிருந்தார்.

"இது எதுக்குவே, வழவழன்னு?" என்று தலைவர் கத்தரிக்கோல் எடுத்து, வலப்பக்கத்தை மேலிருந்து கீழாக நறுக்கித் தள்ளினார். மிச்சத்தை வேறு தாளில் பார்த்து எழுதலாம் என்றால், அந்தச் சொற்களை எழுத எவர் கையும் துணியவில்லை. அப்படியே விண்ணப்பத்தோடு குத்தி அனுப்பினேன்.

மேலிடத்துக்குக் காகிதம் போனால் எல்லாரும் நடுங்கிய காலம் அது. பத்தாம் நாளே திருநெல்வேலியிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்துவிட்டார். நூலகத்து மேசைக்கு ஒரு பக்கம் நாங்கள் உட்கார்ந்தோம், எதிர்ப்பக்கம் நூலகர் நின்றார். அதிகாரி பட்டியலைத் தூக்கிக் காட்டி, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "நூலகரின் கையெழுத்து, ஐயா" என்றேன். பொய் இல்லை. பிறமொழிக் கலப்பும் இல்லை.

அதிகாரி திரும்பினார். "எந்தப் பக்கத்தில் எந்த அசிங்கம்னு மனப்பாடமா வச்சிருக்கீரு. அப்புறமும் இதைப் பிள்ளைங்க கையில கொடுத்தீரோ?"

நூலகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் இன்னும் உட்காராததால் மீதியையும் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் உட்கார்ந்தேன்.

நாவலை அலமாரியிலிருந்து எடுத்தார்கள். அதோடு நூலகரையும் எடுத்துவிட்டார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று இரண்டு வரி உத்தரவு. அந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். அதிகாரியின் முன்னால் தடுமாறாமல் தமிழ் பேசினேன் என்று தலைவர் பத்து நிமிடம் பாராட்டினார். வெட்கங்கெட்ட நானும் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். டிரங்குப் பெட்டி, பாய், புத்தக மூட்டை. நிறைமாத மனைவி பெஞ்சில் சாய்ந்திருந்தார். மாமனார் வீட்டுக்கு, ராயகிரிக்குப் போகிறார்களாம். நழுவிவிடலாம் என்று பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"வாங்க தம்பி" என்றார், நூலகத்தில் கூப்பிடுவதைப் போலவே. "ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. 'நாங்கதான் எழுதித் தரச் சொன்னோம்'னு சொல்லுததுக்குத் தமிழ்ல வார்த்தையா இல்ல?"

பஸ் வந்துவிட்டது. நான் குனிந்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கப் போனேன். "வேண்டாம்" என்று என் கையை விலக்கிவிட்டு, அவரே தூக்கிக்கொண்டு ஏறினார்.