ரொட்டி கோசோங் நாலு

அவர் யான் என்னும் ஊரில் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுபவர். மீசையில் உமித்தூசியோடு கடைக்குப் பசியாற வந்து, என் எதிரே உட்கார்ந்தார். இனிப்புநீர் நோய் வந்ததிலிருந்து சோற்றைத் தொடுவதில்லையாம்.

"தே ஓ கோசோங், ரொட்டி கோசோங் நாலு!" என்று கடைக்காரரிடம் குரல் கொடுத்தார்.

கோசோங் என்றால் மலாயில் வெறுமை. தே ஓ என்னும் பாலில்லாத் தேநீரில் கோசோங் என்றால் சீனி இல்லை. பரோட்டா போன்ற ரொட்டியில் கோசோங் என்றால் முட்டையும் வெங்காயமும் இல்லை, அவ்வளவுதான். மாவு முழுசாக இருக்கிறது.

"கோதுமை மாவும் இனிப்புநீருக்கு ஆகாதே, அண்ணே," என்றேன்.

"கோசோங்லா தம்பி, உள்ள ஒண்ணுமே இல்ல. அதோட, கோதுமை நம்ம நாட்டுலயே விளையாது, கப்பல்ல வர்ற சாமான். நம்மளக் கெடுக்கிறது இந்த நெல்லுதான்."

தட்டு உண்மையாகவே கோசோங் ஆனதும் எழுந்து, ஊருக்கெல்லாம் சோறு போட வயலுக்குப் போனார்.