ஆறாம் அலைவரிசை, மாலை 4:21

என் வலது கையில் நான்கு தையல்களின் தழும்பு இருக்கிறது. கதவில் நசுங்கிவிட்டது என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். உங்களிடம் சொல்லப்போவதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

தைவானின் மலையோர ஊரான ஹுவாலியனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மலையேறுபவர்கள் ஆபத்தில் கூப்பிட எங்கள் சங்கம் ஒன்பது அலைவரிசைகள் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு தன்னார்வலர் தினமும் மாலை கேட்டுக்கொண்டிருப்பார் என்று பெயரோடு அச்சடித்துக் கொடுப்போம். உண்மையிலேயே கேட்கிறார்களா என்று சரிபார்ப்பது என் வேலை. சரிபார்ப்பதாவது! தேநீர் குடித்துக்கொண்டே ஒன்பதுக்கும் டிக் அடித்துவிடுவேன். நான்கு வருடங்களுக்கு முன் ஆறாம் எண்காரர் ஊரைவிட்டுப் போனார். அங்கே என் பெயரையே போட்டேன். ஒருநாள்கூட அதைக் கேட்டதில்லை.

போன அக்டோபர் 19. சங்கச் செயலாளர் லியாவ் அக்கா போன் செய்தார்.

“ஃபெங், இந்தத் தடவையாவது ஒழுங்கா செக் பண்ணு. நாளைக்கு என் பொண்ணு தனியா மலை ஏறுறா. உன் தாளை நம்பித்தான் அனுப்புறேன்.”

“பண்றேன்க்கா.”

“மாட்ஸு அம்மன் மேல சத்தியமா?”

“சத்தியமா.”

மனசு உறுத்தியது. மாலை 4:00. ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். முதல் ஐந்து எண்களில் கூப்பிட்டேன். இரண்டு பேர்தான் பதில் சொன்னார்கள். வெட்கமாக இருந்தது.

4:10. ஆறாம் எண். இது என்னுடையதுதானே, யார் இருக்கப்போகிறார்கள்? மைக்கை எடுக்கும் முன்பே குரல் வந்தது.

“ஃபெங் அண்ணே... கேக்குதா?”

பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

“யாருடா அது?”

“பதில் இல்லையே...” என்று முனகினான். தாளில் பேனா உரசும் சத்தம்.

4:13. மூச்சு இரைத்தது.

“ஃபெங் அண்ணே, இரும்புப் பாலத்துக்கிட்ட இருக்கேன்... ஒருத்தன் ரொம்ப நேரமா பின்னாடியே வர்றான்... கையில கல்லு...”

“ஓடு! போலீஸுக்குச் சொல்றேன்!”

“பதில் இல்லை...” மறுபடியும் பேனா.

4:17. தொப்... எலும்பு நொறுங்கியது. அலறினான். பேசும் பட்டனை அழுத்தியபடியே அலறினான். அதை விட்டால்தான் என் குரல் அவனுக்குப் போகும்.

“பட்டனை விடுடா! விடு!”

தொப்.

“ஃபெங் அண்ணே...”

தொப்... தொப்...

4:21. அலறல் நின்றது. பட்டன் விடுபட்டது.

“கேக்குது! நான் கேக்குறேன்!” என்று கத்தினேன்.

இரைச்சல்... பிறகு வேறொரு குரல். நிதானமாக.

“ஓ... நீயும் கேட்டுட்டியா?”

ஸ்பீக்கரில் இல்லை.

என் முதுகுக்குப் பின்னால்.

மைக் பிடித்த கையில் அடி விழுந்தது. மைக் சிதறியது. ரத்தம்... திரும்பினேன்.

யாரும் இல்லை. ஷட்டர் பூட்டியபடியே இருந்தது.

தரையில் ஈரமாய் ஒரு கல்.

லியாவ் அக்காவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டிக் அடித்ததையும் சொன்னேன். அவர் மகளை அனுப்பவில்லை. இரும்புப் பாலத்துக்குக் கீழே ஆட்களை விட்டுத் தேடச் சொன்னார்.

மூன்றாம் நாள் எலும்புக்கூடு கிடைத்தது. மண்டை உடைந்திருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், இதே அக்டோபர் 19இல் காணாமல் போன மாணவன். கொன்றவன் இன்றுவரை சிக்கவில்லை.

அவன் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் பட்டியல் இருந்தது. பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தான்.

“4:10. பதில் இல்லை.”

“4:13. பதில் இல்லை.”

கடைசி வரி பேனாவில் இல்லை. காய்ந்த ரத்தத்தில், விரலால் எழுதியது.

“4:21. ஃபெங் அண்ணன் கேட்டுவிட்டார்.”