சேலத்துக்கு அரை மணி நேரம்

நெய்வேலியிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் அரை மணி நேரம்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம்.

விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஓடுபாதை இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, விமானம்தான் இல்லை. இதோ விடப்போகிறார்கள் என்று அடிக்கடி பேச்சு வரும். என் மகள் இருப்பது ஓமலூர்ப் பக்கம். அவள் மொட்டைமாடியில் நின்றால் சேலம் விமானம் இறங்குவது தெரியும். மைன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கும் இவர், செல்போன் மேப்பில் இரண்டு ஊருக்கும் நடுவே கோடு போட்டுப் பார்த்தார். நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம்.

"கொழம்ப எறக்கிட்டுக் கெளம்புனீனா, சூடு ஆறதுக்குள்ள அவ வூட்டுல சாப்புடலாம்" என்றார்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம், நிறைமாதம். அவளுடைய மூத்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் இங்கே வர முடியவில்லை. நான்தான் போக வேண்டும். "பிளேன் வுடட்டும், வரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மை வேறு. நான் தனியாக வெளியூர் பஸ் ஏறியதே இல்லை. எந்தப் பஸ், எங்கே இறங்கணும் என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க வேண்டுமே, நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். விமானம் என்றால் இங்கே ஏறி அங்கே இறங்கலாம். நடுவில் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம்.

"எம்மா, ஒன் ஏரோப்ளேன் வரதுக்குள்ள என் புள்ள நடந்தே அங்க வந்துடும்" என்று போனில் மகள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "நெசமாவே வரமாட்டியா?" என்றாள்.

அன்று தூக்கம் வரவில்லை. ஒருவேளை விட ஆரம்பித்திருப்பார்களோ என்று காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, இவருடைய ஓய்வு பெற்றோர் கார்டையும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விட்டேன். எங்கள் டவுன்ஷிப்பில் அந்தக் கார்டைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் மறுபேச்சு கிடையாது. கேட்டில் ஒரு காவல்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, சேலத்துக்கு எத்தினி மணிக்கு?"

நான் நீட்டிய கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரிக்குக் காட்டுறதும்மா."

"தெரியும். ரெண்டு பேருக்கும் செல்லும்."

டீ புரையேறிவிட்டது அவருக்கு. "பிளேனே இல்லியேம்மா! வந்தாலும் சேலத்துக்கு நேரா யாரு வுடப்போறாங்க? பஸ்ல போயிருந்தா இந்நேரம் விருத்தாசலம் தாண்டியிருப்பீங்க. இங்க நின்னுகினு இருக்கீங்க."

முகமெல்லாம் எரிய வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் முழங்கால் வலியை மறந்து சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஒன்று தோன்றியது. யூனிபாரம் போட்டவரிடம் போய் இல்லாத விமானத்தையே கேட்டுவிட்டேன். இருக்கிற பஸ்ஸைக் கேட்க என்ன கூச்சம்?

மறுநாள் விடியலில் முதல் ஷிப்டுக்காரர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, தூக்கில் வற்றல்குழம்போடு கிளம்பினேன். விருத்தாசலத்தில் கேட்டேன், சேலத்தில் இரண்டு முறை கேட்டேன், ஓமலூரில் ஒரு பூக்காரியைக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "எத்தினி மணி நேரம்மா ஆச்சு?"

"முழுசா ஒரு ஷிப்டு" என்றேன்.

ஆறிப்போன குழம்பைச் சுடவைக்கக்கூட விடவில்லை அவள். அப்படியே பிசைந்து சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் பேரன் பிறந்தான். "கொழந்த எவ்ளோ எடைங்க?" என்று நர்ஸிடம் முந்திக்கொண்டு கேட்டது நான்தான்.