மாமனாருக்கு ஒரு விலாசம்

என் மாமனார் மலேசியாவில், கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் புகைக்கூடத்து வேலை பார்த்தவர். ரப்பர் ஷீட்டுகளைக் கழியில் தொங்கவிட்டு விறகுப் புகையில் காய வைக்கிற வேலை. வயதாகி ஓய்வு கொடுத்துவிட்டால் தோட்டத்தில் கொடுத்த லயன் வீட்டையும் காலி செய்துவிட வேண்டும். எழுபதுகளின் கடைசியில், ஒரு டிரங்குப் பெட்டியும் பாயுமாக ஈப்போவுக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

என் கணவர் மணல் லாரி ஓட்டினார். நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தேன். நாங்கள் குடியிருந்தது ஒரு சீன அம்மாளின் வீட்டுக்குப் பின்னால், பலகையடித்து ஒட்டுப்போட்ட இரண்டு அறைகளில். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பேசுவது கேட்காது. மாமனார் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்தவர் இல்லை. வாசலில் நாலு மிளகாய்ச் செடி போட்டார். மார்க்கெட்டுக்குப் போய் நெத்திலி பேரம் பேசி வாங்கி வருவார். நான் வேலை முடிந்து வரும்போது சோறு வடித்திருக்கும்.

அவருடையது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை என்று அதற்குப் பொருள். பிழைக்க வந்து, தோட்டத்திலேயே தலை நரைத்துப்போன பலருக்கும் அந்த நிறம்தான். புகையிலும் வியர்வையிலும் கிடந்து அந்த அட்டை எழுத்தே தெரியாதபடி ஆகிவிட்டது. புதிதாக மாற்றிக்கொள்ளலாம் என்று நான் ஒரு நாள் லீவு போட்டு அவரைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த மலாய்க்கார அதிகாரி மரியாதையானவர். மாமனாருக்கு நாற்காலி போடச் சொன்னார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, ஓய்வு பெற்று மகனோடு ஈப்போவில் இருக்கிறார் என்றேன். எப்போது வந்தார் என்றார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிவப்பு அட்டைக்காரர்கள் வீடு மாறினால் உடனே வந்து தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காதது தப்பு, இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன், இப்போது இருக்கிற வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள் என்று மலாயில் சொன்னார்.

அவ்வளவு பேச்சிலும் ‘சாலா’ என்ற ஒரு சொல்லைத்தான் மாமனார் பிடித்துக்கொண்டார். சாலா என்றால் தப்பு. பஸ்ஸில் வரும்போது கேட்டார்.

“நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

“ஒண்ணுமில்ல மாமா. அட்ரஸ் மாத்தணும், அவ்வளவுதான்.”

“அனுப்பிருவாங்களா?”

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அவருடைய லயத்திலேயே பெர்மிட் கிடைக்காமல் சட்டி பானையோடு கப்பல் ஏறிய குடும்பங்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கிளம்புகிற அன்று நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை மாமனார் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் அவருக்குள் அப்படியே இருந்தது.

வீட்டுக்காரச் சீன அம்மாளிடம் போய்க் கேட்டேன். “தா போலே லா” என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். முடியாது. அந்தப் பின்கட்டுக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி இல்லை, தனிக் கதவு நம்பரும் இல்லை. அங்கே ஆள் குடியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் பலகையைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இடித்தால் நாங்களும்தானே தெருவில் நிற்க வேண்டும்!

தோட்டத்து ஆபீசில் ஏதாவது எழுதி வாங்கலாம் என்று என் கணவர் லாரியிலேயே போய்ப் பார்த்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றிருந்தார்கள். லயத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். கேட்டில் நின்ற காவல்காரருக்குப் ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணி எங்கே போனார் என்றுகூடத் தெரியவில்லை. இங்கேயே பிறந்து குடிமகனான என் கணவருடைய நீல அட்டையிலும் அதே தோட்டத்து விலாசம்தான் இருந்தது. அவரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

கடைசியில் கைகொடுத்தவர் எங்கள் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்காரர். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். மாமனார் காலையில் அங்கேதான் தே தாரே, இழுத்து ஆற்றிய டீ, குடிப்பார். விஷயத்தைக் கேட்டதும், “இதுக்கா இத்தனை பாடு? நம்ம கடை அட்ரசைப் போட்டுக்குங்க தங்கச்சி. மேல பசங்க தங்குற ரூம் இருக்கு. நான் வந்து கையெழுத்துப் போடுறேன்லா” என்றார். சொன்னபடியே வந்தார்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிக்கும்போது தலை நிமிர்ந்து மாமனாரைப் பார்த்து, இந்த விலாசத்தில்தானே இருக்கிறீர்கள், சில சமயம் ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார். மாமனார் எழுந்து நின்று, “யா, துவான்” என்றார், ஆமாம் ஐயா என்று. எனக்கு அப்போது காரியம் முடிந்த நிம்மதிதான் இருந்தது.

மறுநாள் காலை தே தாரே குடிக்கப் போனவர் மதியம்வரை வரவில்லை. போய்ப் பார்த்தேன். தெருவைப் பார்த்தபடி முதல் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“சாப்பிட வாங்க மாமா.”

“நீ இங்க எடுத்துட்டு வந்துரும்மா. ஆபீஸ் நேரம் இல்ல? எப்ப வேணாலும் வருவாங்க.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஆனால் தினமும் இதே கதை ஆனது. கடை திறக்கும்போது போவார், அலுவலகங்கள் மூடுகிற நேரத்துக்குத் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களோடு இருப்பார். பிறகு யாரோ, இந்த மாதிரி ஆட்கள் விடியற்காலையில்தான் கதவு தட்டுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றே டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

என் கணவர் வழிமறித்தார். “யாருப்பா வந்து பாக்கப் போறா? உங்களைத் தேடுறதுதான் அவங்களுக்கு வேலையா?”

“வரலேன்னா நல்லதுடா. வந்தா நான் இருக்கணும். இருக்கேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த மனுசன் நம்மள நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்காரு, அவரையும் மாட்டிவிடச் சொல்றியா?”

மாடியில், ரொட்டி தட்டுகிற பையன்கள் தூங்கும் அறையில், சன்னலோரம் பாயை விரித்துக்கொண்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் வெங்காயம் உரித்தார், மேசை துடைத்தார். நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போவேன். சாப்பாட்டுக் கடையில் இருப்பவருக்குச் சாப்பாடு கொண்டுபோவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்காதவர்கள் வேறு பேசினார்கள். மருமகள் துரத்திவிட்டாள், கிழவனைக் கடையில் பாத்திரம் கழுவ விட்டிருக்கிறார்கள் என்று கோயிலில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். கடைக்காரருக்கும் அது எட்டியிருந்தது. “அண்ணன் இருக்கிறது எனக்கு ஒரு பாரமும் இல்ல தங்கச்சி. ஆனா உன்னைப் பேசுறாங்களேன்னுதான் சங்கடமா இருக்கு” என்றார்.

பொறுக்க முடியாமல் நான் தனியாக அந்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லலாம் என்றுதான் போனேன். வரிசையில் நிற்கும்போது கடைக்காரருடைய கையெழுத்து நினைவுக்கு வந்தது. ஆகவே இப்படிக் கேட்டேன்: மாமனார் பயந்துபோயிருக்கிறார், கடையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறார், யாரும் சோதனைக்கு வரமாட்டார்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை அவரிடம் சொன்னால் போதும்.

அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். “வரமாட்டார்கள் என்று நான் எப்படி அக்கா சொல்வது? வரலாம் என்று சட்டத்தில் இருக்கிறதே” என்றார் மலாயில். பிறகு, வயதானவர், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கனிவாகப் பேசியதால் எனக்கு அழுகை வந்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அந்த வருடமும் வரவில்லை, அடுத்த வருடங்களிலும் வரவில்லை. மாமனார் மட்டும் ஒவ்வொரு நாளும் சட்டையைப் பொத்தான் போட்டு, பையில் அட்டையை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். காக்கிச் சட்டை எதைப் பார்த்தாலும், தபால்காரராக இருந்தாலும், எழுந்து நிற்பார்.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு மலிவு விலை வீடு கிடைத்தது. சிமெண்டு வீடு. வாசல் தூணில் நம்பர் தகடு இருந்தது. சாவி வாங்கிய அன்றே நானும் கணவரும் கடைக்கு ஓடினோம்.

“மாமா, இப்ப நம்ம வீட்டுக்குக் கதவு நம்பர் இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அட்ரஸ மாத்திட்டு வந்துருங்க, போலாம்.”

அவர் கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. முகம் முதலில் மலர்ந்தது. பிறகு கேட்டார்.

“மாத்தணும்னா மறுபடியும் அங்க போகணுமா?”

“ஒரு தடவை போனா போதும்.”

“இத்தனை நாளு எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்களா?”

“கேட்டா இங்கதான்னு சொல்லுங்க. நெசந்தானே?”

அவர் குனிந்து வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார். கடைக்காரர்கூட, “போங்கண்ணே, புள்ள வீட்டுக்குப் போக என்ன யோசனை?” என்றார். மாமனார் தலையை ஆட்டினார்.

“வேணாம்மா. இப்ப எல்லாம் சரியா இருக்கு. நானும் இங்க இருக்கேன், அட்டையும் இங்க இருக்கு. இதைக் கலைக்க வேணாம். எனக்கு அந்த கவுண்டர் முன்னால நிக்கத் தெம்பு இல்ல.”

கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். வேட்டி கட்டி, நெற்றியில் பளிச்சென்று விபூதி பூசியிருந்தார். பால் பொங்கியதும் முதல் தம்ளரை அவர் கையில் கொடுத்தேன். அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அவருக்கென்று ஒதுக்கிய அறையில் கட்டிலில் உட்கார்ந்து, காற்று நல்லா வருது என்றார். வயிறாரச் சாப்பிட்டார். வெயில் தாழ ஆரம்பித்ததும் அவர் கண் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக அலைந்தது. என் கணவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டார்.