ஒரு கோடு ஜாஸ்தி

"உப்பு ஒரு கோடு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே அமீர் ஜான் குழம்பை வழித்துச் சாப்பிடுகிறார். "உங்க கோட்ட பட்டறையிலயே வெச்சிட்டு வாங்க" என்கிறாள் மனைவி ராபியா.

பழவேற்காட்டில் லாஞ்சுப் படகு எஞ்சின்களில் டீசலைப் பீய்ச்சும் நாசிலைப் பழுது பார்ப்பவர் அவர். தேய்த்துச் சமன் செய்த அதன் இரும்பு முகத்தின் மேல் ஒரு கண்ணாடி வில்லையை வைத்து, எண்ணெய்க் காகிதம் சுற்றிய பல்பைப் போடுவார். இரண்டும் ஒட்டினாற்போல் படிந்தால்தான் வண்ணக் கோடுகள் தெரியும். கொஞ்சம் விலகினாலும் வெறும் வெளிச்சம்தான். கோடு நேராக ஓடினால் முகம் சமம். வளைந்தால் மேடோ பள்ளமோ. ஒரு கோடு என்பது தலைமுடியின் கனத்தில் இருநூறில் ஒரு பங்கு.

அந்த வில்லை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே அகப்பட்டது. இன்னொன்று தேடி நாலு முறை போய் வெறுங்கையோடு திரும்பினார். மல் துணியில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். ராபியாவையும் தொடவிட மாட்டார்.

போன வாரம் லாஞ்சுக்காரர் சிங்காரம் ஓடி வந்தார். விடிந்தால் மகனுக்குக் கல்யாணம். ஏரிக்கு அக்கரையிலிருந்து பெண்ணை அழைத்துவர வேண்டும். எஞ்சின் டீசலைக் கக்குகிறது.

"பாய்மரத்துல இட்டாந்தா இன்னா? ஜோராக்கும்."

"காத்து வுழுந்துட்டா பொண்ணு நடு ஏரியில குந்தினிருக்கும் பாய்!"

அமீர் ஜான், சிங்காரம் கழற்றி வந்த நாசிலின் முகத்தைத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி வைத்துவிட்டு பல்பைத் திருகப் போனார். திரும்பி வந்து வில்லையை வைத்தார். வண்ணம் வரவில்லை. கட்டைவிரலால் அழுத்தி லேசாகத் திருப்பினார். நறுக்கென்றது.

"தொட்டியா?"

"ஈரமா இருந்துதுன்னு துண்டால தொடச்சேன் பாய். சுத்தமாத்தான் தொடச்சேன்."

சிங்காரத்தின் துண்டில் ஏரிக்கரை மணல் பாதி இருக்கும். அமீர் ஜான் வில்லையை நேராக மேலே தூக்கினார். இரும்பின் மேல் ஒரே ஒரு மணல் பருக்கை.

மறுபடி தேய்த்து, கழுவி, வில்லையைத் திருப்பி மறுபக்கத்தை வைத்தார். சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் எழுந்தன. நூல் பிடித்தாற்போல் நேர்.

"போ, மாட்டு. பொண்ண ஏத்திகினு வா."

வாசல் வரை போன சிங்காரம் நின்றார். "கண்ணாடிக்கு ஒன்னும் ஆவலியே பாய்?"

அமீர் ஜான் வில்லையை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். "நல்லாத்தான்கீது, பாரு" என்றார். ஓரத்துக் கீறலின் மேல் அவர் கட்டைவிரல் அழுந்தியிருந்தது.