கம்பி அறுந்த பிறகும் கேட்ட கிட்டார்

எனக்கு மன்னிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், பிறர் குற்றங்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று எல்லோரோடும் சேர்ந்து சொல்கிறேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பழைய ஆளாகிவிடுகிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னை யாரும் நல்லவன் என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அரியலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடம் கிட்டார் வாசித்தேன். மற்ற நாட்களில் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, மாதா கோயில் திருவிழா என்று கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பிறந்தது வரதராஜன்பேட்டையில்; கிட்டார் பிடித்தது அங்கே கோயில் பாடகர் குழுவில். எங்கள் குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மேடையில் தண்ணீர் பாட்டில் வந்தால் முதலில் என்னிடம்தான் நீட்டுவார். அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஜெயங்கொண்டத்தில் ஒரு வரவேற்பு. பாட்டின் நடுவே கிட்டார் தனியாக வரும் இடம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். மெல்லிய கம்பி பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. என் கை நின்றுவிட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை, கிட்டார் பகுதியும் நிற்கவில்லை. மாஸ்டர் கீபோர்டில் கிட்டார் சத்தத்தை வைத்து வாசித்துச் சமாளித்துவிட்டார் என்று புரிந்தது. மனிதர் என் மானத்தைக் காப்பாற்றினாரே என்று சாப்பாட்டுப் பந்தியில் போய் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதனால என்ன தம்பி, சாப்புடுங்க” என்றார்.

பத்து நாள் கழித்துக் கல்யாண வீட்டார் வீடியோவை யூடியூபில் போட்டார்கள். என்னைப் பார்க்கும் ஆசையில் அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தேன். கம்பி அறுகிறது, நான் கன்னத்தைத் தடவுகிறேன், கிட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்ப ஓட்டினேன். அறுவதற்கு முன்னால் கேட்டதும் அறுந்த பிறகு கேட்டதும் ஒரே கிட்டார். ஒட்டுப் போட்ட இடமே இல்லை. அதாவது அவர் பாதியில் வந்து சமாளிக்கவில்லை. முதலிலிருந்தே அவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது அடைத்துப் போயிற்று.

அடுத்த நிகழ்ச்சியில், எல்லோர் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மிக்சரில் உட்காருபவரைத் தனியாகப் பிடித்தேன். மனிதர் தலையைச் சொறிந்தார்.

“மாஸ்டர் சொன்னதுங்க. ஒங்க சேனல ஒங்க கால்கிட்ட இருக்கற பொட்டிக்கு மட்டும் வுடுன்னாரு. வெளிய வுடாதன்னாரு.”

“எப்பலேர்ந்து?”

“நான் வந்ததுலேர்ந்தே அப்படித்தாங்க. எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் வெச்சிருந்தாரு.”

என் காலடி ஸ்பீக்கர் பெட்டியில் என் கிட்டார் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டது. பதினோரு வருடம் ஊர் ஊராகப் போய், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டு, பொம்மை மாதிரி நின்றிருக்கிறேன். அங்கேயே அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. சட்டையைப் பிடித்தால் வெறும் சண்டை, இரண்டு பேர் வந்து விலக்கிவிடுவார்கள். எனக்கு அவர் முகம் ஆயிரம் பேர் முன்னால் செத்துப்போக வேண்டும்.

அதற்குத்தான் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் டியூப் ஆம்ப் வாங்கினேன். பழைய வால்வு ரேடியோவுக்குள் இருந்த அதே கண்ணாடிக் குழாய்கள்தான் இதற்குள்ளும். ஸ்பீக்கரும் அதிலேயே இருக்கும். மிக்சரிடம் கையேந்த வேண்டியதில்லை, எந்தச் சேனலையும் யாரும் மூட முடியாது. சென்னையில் வெளிநாடு கிளம்பிய ஒருவரிடம் பழையதாக வாங்கி, குலுங்காமல் இருக்கப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துப் பெரம்பலூர் கொண்டுவந்தேன். “உள்ள என்ன சார், கொழந்தையா?” என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன்.

வேப்பந்தட்டையில் எங்கள் வீடு காட்டை ஒட்டித் தனியாக இருக்கிறது. எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆள் இல்லை. ஸ்டெபிலைசர் வழியாகக் கரண்ட் கொடுத்து, குழாய்கள் சிவக்கும்வரை காத்திருந்து, கம்பியைத் தட்டினேன். ஜன்னல் அதிர்ந்தது. முகப்பில் வரிசையாகத் திருகு நாப்கள். ஒன்று கெயின், அதை ஏற்ற ஏற்றச் சத்தம் கரகரத்து, உறுமி, ஒரு கம்பியைத் தொட்டாலே அது தானாக நீண்டுகொண்டு போகும். பிறகு அடிச்சத்தத்துக்குப் பாஸ், நடுச்சத்தத்துக்கு மிடில், கீச்சுச் சத்தத்துக்கு டிரெபிள். கடைசியில் மொத்தச் சத்தத்துக்கும் ஒரு நாப், அதற்குப் பெயர் மாஸ்டர். இந்த மாஸ்டரை என் இரண்டு விரலால் எந்தப் பக்கமும் திருகலாம் என்பதில் எனக்கு அப்படி ஒரு திருப்தி. கெயினை முழுக்க ஏற்றினேன், பாஸை ஏற்றினேன், மிடிலைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். வீடே நடுங்கியது. இதைக் கேட்டால் மாஸ்டர் கீபோர்டை மூடிவிட்டு ஓடுவார் என்று நினைத்தேன்.

பெரம்பலூரில் ஒரு மண்டபம். ஆம்பை எனக்குப் பின்னால் வைத்து அதே அளவில் திருகிவிட்டு நின்றேன். என் இடம் வந்தது, வெறி பிடித்து வாசித்தேன், ஒன்றும் இல்லை. டிரம்பேடும் பாஸ் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து என்னை விழுங்கிவிட்டன. எங்கோ ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது. பாட்டு முடிந்ததும் மாஸ்டர் பரிவாகவே கேட்டார்: “என்ன தம்பி, இம்மாம் பெரிய பொட்டி தூக்கிட்டு வந்தீங்க, சத்தத்தையே காணோம்?” அன்று வீடு வரும்வரை பைக்கில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

அதன்பின் இரண்டு மாதம் எனக்கு வேறு நினைப்பில்லை. எங்கள் குழு வாசித்த பாட்டையே ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன்மேல் வாசித்துப் பார்ப்பேன். என் மனைவி வெளியே கொட்டகையில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. அதனால்தான் அவளைக் கேட்டேன்.

“இப்ப கேக்குதா?”

“பாட்டு கேக்குது. நடுவுல யாரோ மிக்ஸி போடறாங்க.”

“அது நான்தான்டி.”

“அப்ப ஒங்களக் கேக்கலங்க.”

ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தேன். பாஸைக் குறைத்தேன், அந்த இடத்தில் ஏற்கனவே பாஸ் கிட்டாரும் டிரம்மும் உட்கார்ந்திருக்கின்றன, நான் போய் இடிக்கக் கூடாது. கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அதுதான் வலித்தது, அந்த உறுமலுக்காகத்தானே இவ்வளவும். நான் பூஜ்யத்தில் வைத்திருந்த மிடில்தான் மற்றவர்களின் நடுவே கிட்டாரை எழுப்பிக் காட்டும் நாப் என்று கடைசியில் புரிந்தது. மாஸ்டர் என்னை வெளியே மூடினார் என்றால், நானே என்னை உள்ளே மூடியிருக்கிறேன். மிடிலை முக்கால்வாசிக்கு ஏற்றினேன். தனியாகக் கேட்டால் நாராசம். தொண்டை கட்டியவன் கத்துவது போல இருந்தது. பாட்டோடு சேர்த்து வாசித்தபோது கொட்டகையிலிருந்து குரல் வந்தது: “யப்பா, இப்பக் காதுல வந்து வுழுவுது!” நாப்களின் அந்த இடத்தில் நெயில் பாலிஷால் கோடு போட்டுவைத்தேன்.

அரியலூரில் பெரிய இடத்துக் கல்யாணம். வரவேற்பு மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது. ஆம்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி, சபையைப் பார்க்கச் சாய்த்துவைத்தேன். மிக்சர்காரர் வந்து, “ஆம்புக்கு மைக் வெக்கட்டுங்களா?” என்றார். வேண்டாம் என்றேன். வைத்தால் எடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

என் இடம் வந்தது. முதல் கம்பியைத் தட்டியதுமே சத்தம் மண்டபத்தின் பின் சுவர்வரை போனதை உடம்பில் உணர்ந்தேன். ஐஸ்கிரீம் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். மாஸ்டரின் தலை சடாரென்று நிமிர்ந்தது. அவர் கிட்டாரும் என் கிட்டாரும் ஒரே நேரத்தில் ஓடின, எது பொய் என்று ஊருக்கே தெரிந்தது. அவர் முகம் செத்துத்தான் போயிற்று. என் கல்யாணத்தன்று கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அவர் மெல்ல இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேடை எனக்கானது.

அப்போதுதான் எனக்கே கேட்டது. வீட்டில் இரண்டு மாதமும் சத்தத்தின் டோனை மட்டும்தான் கவனித்திருக்கிறேன். தாளம் விழுகிறது, கொஞ்சம் பொறுத்து நான் விழுகிறேன். மறுபடி தாளம், மறுபடி பொறுத்து நான். டிரம்பேடுகாரர் தாளத்தில் முந்தி ஓடுகிறார் என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பாட்டுக்குத் தாளம் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் முந்தாது, பிந்தாது. முன் வரிசையில் இரண்டு பெண்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் வாசிப்பைக் கேட்டு அவர்கள் கைத்தட்டல் தடுமாறியது. பிறகு நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். டோன் அருமையாக இருந்தது. ஒவ்வொரு பிந்தலும் கண்ணாடிபோல் தெளிவாகக் கேட்டது.

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் மணமக்களை வாழ்த்திக்கொண்டிருந்தபோது மாஸ்டர் எழுந்து என்னிடம் வந்தார். கோபமே இல்லை.

“கேட்டுச்சா தம்பி?”

நான் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டேன்.

“எனக்கு மொத நாளே கேட்டுச்சு. போங்கன்னு சொல்ல மனசு வரல. அவ்ளோ ஆசையா வந்து நின்னீங்க.” கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இனிமே நான் வாசிக்கல. ஒங்களுதே கேக்கட்டும்.”

போய் உட்கார்ந்துவிட்டார். பொறாமையில் என்னை மூடியிருந்தால் அன்றோடு கணக்கு தீர்ந்திருக்கும். அவரை மறந்துகூடப் போயிருப்பேன். பாவம் பார்த்து மூடியிருக்கிறார். பதினோரு வருடம் ஒருவன் என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறான், நான் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறேன். இதை நான் செத்தாலும் மன்னிக்கப்போவதில்லை.

அடுத்த பாட்டு கிட்டாரில் தொடங்குவது. கெயினை மேலே ஏற்றினால் சத்தம் கரகரத்துக் குழம்பிவிடும், நான் எங்கே விழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியும். கை நாப் வரைக்கும் போனது. மாஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே முகம், தண்ணீர் பாட்டில் நீட்டும்போது வைத்திருக்கும் முகம். கையை எடுத்துவிட்டேன். அவர் தாள மிஷினை ஓடவிட்டார். நான் பிந்தித்தான் வாசித்தேன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.